கல்யாண கேமராவில் நெபுலா: வேலூர் பக்கத்து வானத்துக்கு ஒரு வழிகாட்டி

மார்கழியில் எங்கள் தொழிலுக்கு வேலை இல்லை. முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் மட்டும் ஓடும். இரண்டு கேமராவும் 70-200 லென்ஸும் பீரோவில் தூங்கும். அதே மார்கழியில்தான் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிகிறது. ஓரியன் விண்மீன் கூட்டம் நடுராத்திரிக்கு உச்சிக்கு வருகிறது. குடியாத்தத்தில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கும் நான் நெபுலா (விண்ணில் மிதக்கும் வாயு, தூசு மேகம்) பக்கம் போனதற்கு இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

டெலஸ்கோப் வேண்டுமா என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம். ஓரியன் நெபுலா சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் இருந்தாலும் வானத்தில் அது பிடிக்கும் இடம் ஒரு டிகிரி, அதாவது இரண்டு முழு நிலா அகலம். கரினா நெபுலா அதைவிடப் பெரிசு. இவை சின்னதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை, மங்கலாக இருப்பதால்தான். கண்ணால் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்க முடியாது, சென்சாரால் முடியும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது 51 நிமிடம் போட்டோ தட்டைத் திறந்து வைத்தார். மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஏ. ஏ. காமன் எடுத்த படத்தில், டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால்கூடத் தெரியாத நட்சத்திரங்கள் விழுந்தன. அன்றிலிருந்து இன்றுவரை வித்தை ஒன்றுதான்: நேரம்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நமக்குச் சரிப்படாது. பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் உட்கார்ந்துகொண்டு எழுதியவை. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். நமக்கு அது 13 டிகிரி உயரத்தில், தென்னை மரத்துக்கும் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்குக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி, அதற்கு மேல் மூன்று விரல் என்று வையுங்கள். வடக்கே இப்படி நஷ்டம் என்றால் தெற்கே நமக்குச் சொத்து. லண்டன்காரர் கரினா நெபுலாவைத் தன் ஊரிலிருந்து பார்க்கவே முடியாது. டெல்லிக்காரருக்கு அது அடிவானத்தை ஒட்டி இரண்டு டிகிரிகூட எழும்பாது. நமக்கு 17 டிகிரிக்கு மேல் வரும்.

வானியலாளர் வைணு பாப்பு தன் வான்காணகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். 12.5 டிகிரியில் நின்றால் வடவானமும் கிடைக்கும், தென்வானத்தில் பெரும்பகுதியும் கிடைக்கும். 1968ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போடு அங்கே வேலை தொடங்கியது. 1972ல் ஒரு மீட்டர். அவர் 1982ல் காலமான பிறகு, 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் டெலஸ்கோப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அன்றைய வட ஆற்காடு மாவட்டம் இன்று நாலாகப் பிரிந்து காவலூர் திருப்பத்தூர் கணக்கில் போய்விட்டது. அட்சரேகை மாறவில்லை.

எந்த மாதம், எதை

தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது அமாவாசையைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள்தான் உங்கள் மாதம். நிலா இருக்கும் இரவில் நெபுலா எடுக்கப் போவது பெட்ரோல் செலவு.

மார்கழி, தை: ஓரியன். திருவாதிரை நட்சத்திரம் தெரிந்தவர்களுக்கு இடம் சொல்லவே தேவையில்லை. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே, தெற்காக, பனி படர்ந்தாற்போல ஒரு புள்ளி தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, எம்42. தை கடைசியில் இரவு ஒன்பது மணிக்கே உச்சிக்கு வந்துவிடும், 70 டிகிரிக்கு மேல். முதல் படம் இதுவாகவே இருக்கட்டும். இதைவிடச் சுலபமாக எதுவும் கிடைக்காது. அதே மாதங்களில் திருவாதிரைக்குக் கிழக்கே ரொசெட் நெபுலா, கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே வரும். ஆனால் அது முழுக்கச் சிவப்பு, சாதாரண கேமராவுக்குக் கஷ்டம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மாசி, பங்குனி: கரினா. மகா சிவராத்திரி எப்போதும் அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசியில்தான் வரும். நிலா விடியும் தறுவாயில்தான் எழும். ஊரே முழித்திருக்கும் அந்த இரவில், தேதியைப் பொறுத்து, சுமார் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் கரினா நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும். இதைவிட நல்ல நாளை எந்த ஜோசியரும் குறித்துத் தர மாட்டார். கோயில் இல்லாத பக்கமாகப் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான். சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் போட்ட கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் விழாது. கரினாவைக் கண்டுபிடிக்க, அகத்தியர் நட்சத்திரத்துக்கும் (கனோபஸ்) திரிசங்குக்கும் (தென்சிலுவை) நடுவே, திரிசங்குப் பக்கமாகத் தேடுங்கள். இருட்டு நன்றாக இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

சித்திரை கடைசி: விடியற்காலை மூன்று மணிவாக்கில் லகூன் நெபுலா, எம்8. மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில், கொஞ்சம் வடக்கே. பால்வீதியின் மையமே அந்தப் பக்கம்தான் என்பதால் லென்ஸை எங்கே திருப்பினாலும் ஏதாவது விழும். ஆடியிலும் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது, ஆனால் மேகம் விடாது. ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எங்கே நிற்பது

ஜவ்வாது மலைதான். ஆனால் மலையில் எங்கே என்பதில்தான் விஷயம். இருட்டாக இருந்தால் போதும் என்று அமிர்தி பக்கம் பள்ளத்தில் போய் நின்றால் மலை வடக்கையும் தெற்கையும் மறைத்துவிடும். துருவ நட்சத்திரமும் போச்சு, கரினாவும் போச்சு. நமக்கு வடக்கும் தெற்கும் இரண்டுமே தாழ்வாகத் திறந்திருக்க வேண்டும். ஜமுனாமரத்தூர் பக்கத்து மேட்டு நிலங்கள் இதற்கு ஏற்றவை. அங்கிருந்து பார்த்தால் வடமேற்கே ஆம்பூர், வடகிழக்கே வேலூர், தென்கிழக்கே திருவண்ணாமலை என்று அடிவானத்தில் மூன்று வெளிச்சக் கறை தெரியும். தெற்கே செங்கம் சின்ன ஊர். கரினா ஏறுவது அந்தத் திசையில்தான்.

காப்புக்காட்டுக்குள் ராத்திரியில் போகாதீர்கள். வனத்துறை விடாது, விடவும் கூடாது. பட்டா நிலம் வைத்திருக்கும் யாரையாவது பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் போவது ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் சாமை அறுத்த நிலம். பெரியவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்: “இன்னா தம்பி, கீழ கண்ணாலம்லாம் முடிஞ்சிடுச்சா, மேல புடிக்க வந்துட்ட?” அவர் வீட்டு வாசல் பல்பை அணைக்கச் சொல்வதற்கு முன்னால் டீத்தூளும் சர்க்கரையும் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம். வான்காணகத்துக்குப் பக்கத்தில் மட்டும் வண்டி லைட்டோ டார்ச்சோ அடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

வானம் நகர்கிறது, அதுதான் முதல் பிரச்சினை

பூமி சுற்றுவதால் வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 3,600 ஆர்க்செகண்ட் சேர்ந்தால் ஒரு டிகிரி. சாதாரண டிஎஸ்எல்ஆரில் 50 மிமீ லென்ஸ் போட்டால் இது விநாடிக்குச் சுமார் ஒரு பிக்சல். 200 மிமீ போட்டால் நாலு பிக்சல். ஆக, வெறும் ட்ரைபாடில் 50 மிமீ லென்ஸோடு ஐந்து விநாடி வரை தாங்கும். அதற்கு மேல் நட்சத்திரம் கோடாக இழுக்கும்.

ஐந்து விநாடியா என்று சோர்ந்துவிடாதீர்கள். எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஐந்து விநாடி, இப்படி 300 படம். மொத்தம் 25 நிமிடம் வெளிச்சம். இதைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எம்42 சிறகு விரித்த உருவத்தோடு வரும். ட்ரைபாடும் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸும் வைத்திருக்கிற எந்தப் பையனும் செலவே இல்லாமல் இதைச் செய்யலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், போதும்.

அடுத்த படி, பார்ன் டோர் டிராக்கர்: வானம் நகரும் வேகத்திலேயே கேமராவைத் திருப்பும் இரண்டு பலகை. கையால் செய்வது. இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் வாங்கும் டிராக்கரின் விலையைப் பார்த்துப் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள்.

12 மிமீ பிளைவுட்டில் ஒரு அடி நீளத்துக்கு இரண்டு பலகை. ஒரு முனையை நல்ல கீல் போட்டுப் புத்தகம் திறப்பதுபோல இணையுங்கள். ஆட்டம் உள்ள கீல் உதவாது. கடையில் பத்து கீலை ஆட்டிப் பார்த்து ஒன்றை எடுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கீலின் அச்சு மையத்திலிருந்து 228.5 மிமீ தூரத்தில் கீழ்ப்பலகையில் ஓட்டை போட்டு ஒரு எம்6 (6 மிமீ) நட்டைப் பதியுங்கள். அதில் எம்6 த்ரெட் ராடைப் போட்டுத் திருகினால் அது கேமரா உட்காரும் மேல்பலகையைத் தள்ளித் திறக்கும். எம்6ல் ஒரு சுற்றுக்கு ஒரு மிமீ ஏறும். பூமி ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகும்போது பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்க வேண்டிய ஆரம்தான் அந்த 228.5. கால் அங்குல ராடு கிடைத்தால், அங்குலத்துக்கு 20 புரி என்பதால், 290 மிமீ வையுங்கள். ராணிப்பேட்டை பக்கம் லேத் வைத்திருப்பவர்களிடம் இந்த அளவைச் சொன்னால் ஓட்டையை நேராகப் போட்டுத் தருவார்கள். வீட்டு டிரில்லரில் போட்டால் சாயும்.

மோட்டார் இல்லாமலே தொடங்கலாம். ராடின் அடியில் ஒரு பெரிய மூடியை ஒட்டி, நாலு பக்கமும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 15 விநாடிக்கு ஒரு கால் சுற்று. கையில் கடிகாரம், மெதுவாக, ட்ரைபாடைத் தொடாமல். 50 மிமீ லென்ஸில் ஒரு நிமிட எக்ஸ்போஷர் வரை நட்சத்திரம் புள்ளியாக வரும். ராடு நேராக இருப்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பும். அதனால் நாலைந்து படத்துக்கு ஒருமுறை பின்னால் சுற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வைக்கும் விதம்: வடக்கைப் பார்த்து நின்றால் கீல் உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் மேலே எழும்ப வேண்டும். கீலின் நீளவாக்கு துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்க வேண்டும். நம் ஊரில் அது 13 டிகிரிச் சாய்வு என்பதால் கீல் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும்; இணையத்தில் பார்க்கும் படங்களில் செங்குத்தாக நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கீலை ஒட்டி ஒரு கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ராவை ஒட்டி, அதன் வழியாகத் துருவ நட்சத்திரம் தெரிகிற மாதிரி திருப்பினால் ஒரு டிகிரிக்குள் சரியாகிவிடும். ஒரு டிகிரி தப்பினால் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் 16 ஆர்க்செகண்ட் விலகும். 50 மிமீ லென்ஸில் அது ஒரே ஒரு பிக்சல். ஸ்ட்ரா போதும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

70-200 போட ஆசைப்பட்டால் கடை டிராக்கர்தான் வழி. ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் வகையறா. செகண்ட் ஹேண்டில் பார்த்து வாங்குங்கள். இதிலும் நம் அட்சரேகையால் ஒரு சிக்கல் உண்டு. அச்சு ஏறக்குறையக் கிடையாக இருப்பதால் எதிர்எடை தொங்கும் கம்பி ட்ரைபாடு காலில் போய் முட்டும். படமெடுக்கத் தொடங்கும் முன் கேமராவைக் கிழக்கிலிருந்து மேற்குவரை கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முட்டினால் ட்ரைபாடு காலைத் திருப்பி வையுங்கள். நடுராத்திரியில் முட்டினால் மோட்டார் உறுமுமே தவிர நகராது.

துருவம் பிடிப்பது

200 மிமீ லென்ஸுக்கு ஸ்ட்ரா கணக்கு செல்லாது. அங்கே ஒரு டிகிரி தப்பினால் நிமிடத்துக்கு நாலு பிக்சல். ஐந்து ஆர்க்மினிட்டுக்குள் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி) வைத்துவிட்டால் இரண்டு நிமிட எக்ஸ்போஷர்கூடக் கலங்காது.

டிராக்கரில் உள்ள துருவக் குழலில் கண்ணை வைத்து, அதற்கான மொபைல் ஆப் காட்டும் மணி நிலையில் துருவ நட்சத்திரத்தை வைக்க வேண்டும். ஏனென்றால் அது நிஜத் துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி இருக்கிறது. சொல்வது சுலபம். 13 டிகிரி உயரத்தில் நீங்கள் பார்ப்பது தலைக்கு நேர் மேலே இருப்பதைவிட நாலு மடங்கு காற்றைத் தாண்டி. பங்குனி, சித்திரைத் தூசியில் இரண்டாம் தர நட்சத்திரம் மூன்றாம் தரமாகிக் காணாமலே போகும். அதனால் பகலிலேயே திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்துவிடுங்கள் (காந்த வடக்கு நம் பக்கம் ஓரிரு டிகிரிதான் விலகும்), சாய்வுமானி ஆப்பில் மலையில் 12.6, குடியாத்தத்தில் 12.9 டிகிரி வைத்துவிடுங்கள். இருட்டியதும் குழலில் பார்த்தால் நட்சத்திரம் அநேகமாக உள்ளேயே இருக்கும்.

இல்லவே இல்லையா? டிரிஃப்ட் முறை. லென்ஸை நேர் தெற்கு-வடக்குக் கோட்டில், வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்புங்கள். மார்கழி நள்ளிரவில் ஓரியனின் மூன்று நட்சத்திரமே அங்கே நிற்கும். டிராக்கரை ஓடவிட்டு லைவ் வியூவில் பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் போயிருக்கிறது; வடக்கே நழுவினால் மேற்கே. அதைச் சரிசெய்த பிறகு கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்து நிற்கும் ஒரு நட்சத்திரம்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. திரையில் எது வடக்கு என்று தெரியவில்லை என்றால் லென்ஸை ஒரு நூலளவு வடக்கே தட்டிப் பாருங்கள்; நட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது தெற்கு. அரை மணி நேரம் பிடிக்கும். லேப்டாப் தூக்கிப் போகிறவர்களுக்கு, படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்துத் தானே கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. நினா இலவசம், அதில் மூன்று புள்ளி முறை துருவ நட்சத்திரம் தெரியாத இடத்திலும் வேலை செய்யும்.

கேமரா

ரா ஃபைல் மட்டும். லென்ஸில் ஸ்டெபிலைசரை அணையுங்கள், ட்ரைபாடில் அது தானே ஆடும். மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரத்தை அது சாப்பிடும். ஒயிட் பேலன்ஸ் டேலைட். ரிமோட் டைமர் கட்டாயம், விரல் கூடாது.

சிவப்பு விஷயத்துக்கு வருகிறேன். நெபுலாவில் பெரும்பாலானது ஹைட்ரஜன். அது 656 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கிறது. மனித முகம் இயற்கையாக வர வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி வைக்கிறார்கள். அது இந்தச் சிவப்பில் கால்பங்கு அளவுக்குத்தான் உள்ளே விடும். அதை எடுத்துவிட்டு மாற்றுக் கண்ணாடி போட்டுத் தருபவர்கள் உண்டு. ஆனால் தொழிலுக்கு ஓடும் கேமராவில் கை வைக்காதீர்கள். பொண்ணு முகம் தக்காளியாகும். ஷட்டர் கவுண்ட் ஏறிப் போய் மூலையில் கிடக்கும் பழைய பாடி இருந்தால் அதை மாற்றுங்கள். ஓரியனுக்கும் கரினாவுக்கும் மாற்றாத கேமராவே போதும். ரொசெட், குதிரைத்தலை எல்லாம் மாற்றிய பிறகு.

ஃபோகஸ், எக்ஸ்போஷர்

ஆட்டோ ஃபோகஸை மறந்துவிடுங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியையும் நம்ப வேண்டாம். சிரியஸ் மாதிரி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்புங்கள். வேகமான லென்ஸ், அதாவது எஃப் எண் சின்னதாக உள்ள லென்ஸ் என்றால் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு பக்கம் திருப்பும்போது ஊதா விளிம்பு, மறுபக்கம் பச்சை விளிம்பு வரும். ஊதா மறைந்து பச்சை இன்னும் தொடங்காத இடம் ஒன்று இருக்கும், மயிரிழை அகலம். அங்கே நிறுத்தி, வளையத்தைப் பேப்பர் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஆல்பம் வேலைக்கு வைத்திருக்கும் அதே டேப். பஹ்தினோவ் மாஸ்க் என்று ஒரு சல்லடைத் தட்டு உண்டு. அதன் வடிவத்தை பிரிண்ட் போட்டு பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் பிளேடால் வெட்டி லென்ஸ் முன்னால் வைத்தால் நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடு கிளம்பும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவே வந்தால் ஃபோகஸ் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். குளிரில் லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகரும்.

எக்ஸ்போஷருக்கு நான் சொல்லும் தொடக்க அளவு: 200 மிமீ, எஃப் 2.8 அல்லது ஒரு ஸ்டாப் குறைத்து எஃப் 4, ஐஎஸ்ஓ 800 முதல் 1600, 60 முதல் 90 விநாடி. படமெடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு இடது சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் நேரம் போதவில்லை; இடமிருந்து கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் சரி. அதற்கு மேல் ஏற்றினால் நட்சத்திரத்தின் நிறம் வெளுக்கும். ஓரியனின் நடுப்பகுதி எப்படியும் வெளுத்துவிடும், முகூர்த்தத்தில் வீடியோ லைட் அடித்த முகம் மாதிரி. அதற்குத் தனியாக ஐந்து விநாடியில் முப்பது நாற்பது படம் எடுத்து வைத்துக்கொண்டு பின்னால் நடுவில் கலக்குங்கள்.

ஒரு படம் எவ்வளவு நீளம் என்பதைவிட மொத்தம் எவ்வளவு நேரம் சேர்த்தீர்கள் என்பதுதான் முக்கியம். இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் குறைகிறது. 25 படம் அடுக்கினால் ஐந்தில் ஒன்று, 100 அடுக்கினால் பத்தில் ஒன்று. அதாவது இரண்டு மடங்கு சுத்தத்துக்கு நாலு மடங்கு நேரம். ஒரே இரவில் நாலு நெபுலாவைத் தொட்டுவிட்டு வருகிறவருக்கு நாலு சுமாரான படம் கிடைக்கும். ஓர் இரவு, ஒரு பொருள். தாழ்வாக நிற்கும் கரினாவுக்கு இது இன்னும் அவசியம். அது உச்சத்தைத் தொடும் நேரத்துக்கு முன்னால் ஒன்றரை மணி, பின்னால் ஒன்றரை மணி, அவ்வளவுதான் ஜன்னல்.

வெப்பம் நம் ஊரின் தனிப் பிரச்சினை. இரைச்சலைக் கிளப்பும், சென்சாரில் வெப்பத்தால் ஊறும் மின்னோட்டம் ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஐரோப்பாக்காரர் ஐந்து டிகிரிக் குளிரில் ஐந்து நிமிடம் திறந்து வைப்பதைப் பார்த்து, நாம் சித்திரை ராத்திரியில் அதைச் செய்யக் கூடாது. குறைந்த நேரம், நிறைய படம். பத்து படத்துக்கு ஒருமுறை லென்ஸைக் கொஞ்சம், சில பிக்சல் அளவுக்கு, எந்தத் திசையிலாவது நகர்த்திவிடுங்கள். சூடான பிக்சல்கள் ஒரே இடத்தில் விழாமல் அடுக்கும்போது கழிந்துபோகும். இதைச் செய்யாத படங்களில் பின்னணி முழுக்கச் சாய்வாகக் கீறல் விழுந்திருக்கும்.

மார்கழியில் இதற்கு நேர்எதிர்: பனி. லென்ஸ் கண்ணாடி வானத்தைப் பார்த்து நின்று சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து வேர்த்துவிடும். பவர் பேங்க்கில் ஓடும் ஹீட்டர் பட்டை ஒன்றை லென்ஸின் முன்விளிம்பில் சுற்றுங்கள், படம் தொடங்கும் முன்பே. வேர்த்த பிறகு துடைத்தால் ஃபோகஸ் நகரும்.

டார்க், ஃப்ளாட்

வேலை முடிந்ததும் மூட்டை கட்ட அவசரப்படாதீர்கள். லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், இருபது முப்பது படம். இது டார்க். அந்த இரவின் வெப்பநிலையிலேயே எடுக்க வேண்டும். மறுநாள் ஸ்டூடியோ ஏசியில் எடுத்தது பொருந்தாது. விடிந்ததும் ஃபோகஸைத் தொடாமல் லென்ஸ் முகத்தில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, வெளுத்த வானத்தைப் பார்த்து ஏபெர்ச்சர் ப்ரயாரிட்டியில் முப்பது படம். இது ஃப்ளாட். மூலை இருட்டும் சென்சார் தூசியும் இதில் பதிவாகும், பின்னால் கழிக்கலாம்.

ஊருக்குள்ளிருந்து

மலைக்குப் போக முடியாதவர்கள் மொட்டை மாடியிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் ஃபில்டர் வேண்டும். தெருவில் இப்போது எரிவதெல்லாம் வெள்ளை எல்இடி. அது எல்லா நிறத்திலும் கொட்டுவதால் பழைய சோடியம் விளக்குக்கு வாங்கிய ஃபில்டர் பயன்படாது. ஹைட்ரஜனின் 656, ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் இரண்டை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் வாங்குங்கள். மாற்றிய கேமராவோடு இது சேர்ந்தால் குடியாத்தம் பஜார் வெளிச்சத்திலும் ரொசெட் வரும். நட்சத்திர நிறம் மட்டும் செத்துப்போகும்.

கம்ப்யூட்டரில்

அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டேக்கர் அல்லது சிரில், இரண்டும் இலவசம். எனக்கு சிரில் பிடிக்கும். அடுக்கி முடித்து அங்கேயே நிறமும் பார்க்கலாம். நல்ல படம், டார்க், ஃப்ளாட் எல்லாவற்றையும் தனித்தனி ஃபோல்டரில் போட்டு அதற்கான ஸ்கிரிப்டை ஓடவிட்டால் காபி குடித்துவிட்டு வரலாம். வரும் படம் கறுப்பாக இருக்கும், பயப்படாதீர்கள். முதலில் விளிம்பை வெட்டுங்கள், பிறகு பின்னணிச் சாய்வை நீக்குங்கள் (ஆம்பூர் வெளிச்சம் இதில்தான் போகும்), பிறகு நட்சத்திரங்களை வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள், அதற்கப்புறம்தான் ஸ்ட்ரெட்ச், அதாவது மங்கலான பகுதியை வெளிச்சமாக்குவது. வரிசையை மாற்றினால் சாய்வும் சேர்ந்து ஏறும். ஸ்ட்ரெட்சை ஒரே இழுப்பாக இழுக்காமல் மூன்று நாலு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆல்பத்துக்குச் செய்யும் ஸ்மூத்திங், ஷார்ப்பனிங் பழக்கம் கையில் ஊறியிருக்கும். இங்கே அதைப் போட்டால் தூசு மேகம் மெழுகுபோல வழியும். பின்னணியை முழுக் கறுப்பாக்குவதும் கூடாது. இரவு வானம் கறுப்பு இல்லை. பின்னணி மதிப்பு 255க்கு 20, 25 அளவில் நிற்கட்டும்.

கடைசியாக பிரிண்ட். திரையில் இருப்பதைவிட, ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவான அளவு கூடுதலாக வெளிச்சம் ஏற்றி அனுப்புங்கள், தாளில் நிழல் பகுதி அடைத்துக்கொள்ளும். லேபில் கொடுக்கும்போது ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஆர்டரிலும் எழுதுங்கள். அந்த இயந்திரம் இருட்டுப் படத்தைப் பார்த்ததும் அண்டர் எக்ஸ்போஸ் என்று நினைத்து வானத்தைச் சாம்பலாக்கிவிடும். 12க்கு 18 போடும் முன் 4க்கு 6ல் ஒன்று போட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே இல்லாமல் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.